படிவம் ஒன்பது இல்லாத தண்ணீர்

எங்கள் மையத்தில் ஒரு செடியைச் சாகடிக்கப் பதினொரு படிவங்கள் நிரப்ப வேண்டும். அத்தனையையும் நிரப்புகிறவன் நான். பெயர் அமீர் ஹம்சா, பதிவறை எழுத்தர், வீடு கோட்டைமேடு. இருபத்திரண்டு வருஷமாகத் துடியலூருக்கு பஸ்ஸில் வந்து போகிறேன். மையத்தின் முழுப்பெயர் தாவர நெருக்கடி மேலாண்மை உயர் ஆய்வு மையம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும் என்பதால் கண்டக்டர்கள் சுருக்கிவிட்டார்கள். "டென்ஷன் ஆபீஸெல்லாம் எறங்குங்க" என்பார்கள். நாங்களும் இறங்கிவிடுவோம்.

வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் செடிக்குள் இருக்கிற ஆக்சிஜனே கெட்டுப்போய் அதன் உடம்பைத் தின்ன ஆரம்பிக்குமாம். அதை அடக்குவதற்குச் செடி தனக்குள் சில நொதிகளை வைத்திருக்கிறது. கேட்டலேஸ், பெராக்ஸிடேஸ், அப்புறம் சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ். கடைசிப் பெயரை டைப் அடிக்கும்போதெல்லாம் ஒரு எழுத்தை விழுங்கிவிடுவேன், இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. எந்தச் செடி இந்த நொதிகளை நன்றாகச் சுரந்து பச்சையாகவும் நிற்கிறதோ, அது வறட்சியைத் தாங்கும் ரகம். இதைக் கண்டறியத் தண்ணீரை நிறுத்த வேண்டும், செடி வாடுவதைப் பார்க்க வேண்டும், இலையைக் கிள்ளி ஐஸ் பெட்டியில் போட்டு அரைத்து அளக்க வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல படிப்புதான், நல்ல இடத்தில் நடந்திருக்கலாம்.

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற சின்னாத்தாள் என்று ஒரு அக்கா இருந்தார். வயது ஐம்பத்திரண்டு. பதினாறு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். சொந்த ஊர் வெள்ளகோவிலுக்குப் பக்கம். வாரத்தில் ஆறு நாள் மையத்துக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் தங்கிக்கொள்வார், சனிக்கிழமை சாயங்காலம் காங்கேயம் வழியாக ஊருக்குப் போவார். அங்கே அவர் வீட்டுக்காரர் அங்கப்பன் இருந்தார். அங்கப்பன் முப்பது வருஷம் அடுத்தவர் பண்ணையத்தில் வேலை செய்தவர். அவர் அப்பாவும் அதே பண்ணையம், தாத்தாவும் அதே பண்ணையம். போன வருஷம்தான் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் சொந்தமானது. மானாவாரி நிலத்தை எங்கள் பக்கத்தில் காடு என்போம். "எங்க காட்டுக்குப் போறேனுங்க" என்று சொல்லவே அங்கப்பனுக்கு வெட்கமாக இருந்ததாம், முதல் மூன்று மாதம் "அந்தக் காடு" என்றுதான் சொன்னாராம். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

அக்கா ஒருமுறை வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு மனுக் கொடுத்தார். எங்கள் இயக்குநர் முனைவர் சசிதர் எதையும் அறிவியல்படிதான் அணுகுவார். தற்காலிகப் பணியாளர்கள் ஒன்பது பேரின் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார். பிறகு கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"அம்மா, நெருக்கடியில் இருக்கும் உயிர்தான் நொதிகளைச் சுரக்கும். உங்கள் ரத்தத்தில் கேட்டலேஸ் என்னுடையதைப்போல இரண்டு பங்கு. நான் நிரந்தரப் பணியாளன், என் நொதி விழுந்துவிட்டது. அந்த நிலைமை உங்களுக்கும் வர வேண்டுமா?"

"வேண்டாமுங்க அய்யா" என்றார் அக்கா. வெளியே வந்து என்னிடம், "அய்யாவுக்கு ஒடம்பு செரியில்லையாட்ட இருக்குதுங்க பாய், முருங்கக்கீரை கொண்டாந்து குடுக்கட்டுங்களா?" என்றார். அடுத்த வாரம் கொடுக்கவும் செய்தார்.

இப்போது நிலக்கடலைக்கு வருகிறேன். அறுபது ரகங்கள், ரகத்துக்கு எட்டுத் தொட்டி, எல்லாம் மழை படாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள். பூ எடுக்கும் சமயத்தில் இருபத்தொரு நாள் தண்ணீரை நிறுத்துவார்கள். அந்த நாட்களில் குழாய்க்குப் பூட்டு, சாவி என்னிடம். தண்ணீர் வேண்டுமென்றால் படிவம் ஒன்பதில் மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். அந்த மூன்று பேரும் ஒரே நாளில் ஊரில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அக்காவின் வேலை அந்த இருபத்தொரு நாளும் கூடாரத்தில் இருந்துகொண்டு தண்ணீர் ஊற்றாமலிருப்பது. 'ஊற்றாமையும் பணியே' என்று அதற்குத் தனியாக ஒரு சுற்றறிக்கை உண்டு.

மூன்று போகம் இப்படிச் சோதித்தார்கள். ஆய்வு மாணவி அன்புச்செல்விதான் இலை கிள்ளினாள், அரைத்தாள், அளந்தாள். ஐந்தாவது வருஷமாக முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த பெண், இயக்குநர்தான் அவளுக்கு வழிகாட்டி. மூன்று போகத்திலும் ஒரே ரகம் முதலிடம் பிடித்தது. எண் நாற்பத்தேழு. இலை பச்சை, நொதி உச்சம். பிறகு வயல் சோதனையும் நடந்தது. அந்த வருஷம் பார்த்து மழை கொட்டித் தீர்த்ததில் வறட்சிச் சோதனை வயலில் தவளை கத்தியது. 'இயற்கைச் சூழலிலும் ரகம் சிறப்பாக இருந்தது' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பொய் ஒன்றுமில்லையே.

வைகாசி முதல் வாரத்தில் வெளியீட்டு விழா. ரகத்துக்கு 'நெருக்கடி வென்றான்' என்று பெயர் வைத்தார்கள். மேடையில் ஒரு தொட்டியை வைத்து அதற்கு ரோஜா மாலை போட்டார்கள். மாலையின் கனத்தில் செடி சாய்ந்துவிட்டதால் பின்னாலிருந்து ஒரு குச்சி கொடுத்து நிறுத்தினார்கள். இயக்குநர் பேசினார்.

"பெரியோர்களே, இருபத்தொரு நாட்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்தச் செடி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. மற்ற ஐம்பத்தொன்பது ரகங்கள் கேட்டன, நிராகரித்தோம். கேட்காத ரகத்தைத்தான் நாடு எதிர்பார்க்கிறது. இனி மழை பெய்யவில்லை என்று எந்த விவசாயியும் எங்கள் வாசலுக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. இந்த மையம் தொடங்கப்பட்ட நோக்கமே இன்று நிறைவேறியிருக்கிறது."

கைதட்டல் ஓய்ந்ததும் முதல் விதை மூட்டையை வாங்க அங்கப்பனை மேடைக்கு அழைத்தார்கள். சொந்தப் பணியாளரின் கணவர் என்றால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்பது இயக்குநரின் யோசனை. அங்கப்பன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்தார். செருப்பை மேடைக்குக் கீழேயே கழற்றிவிட்டு ஏறினார். சால்வை போர்த்தியபோது அதை எடுத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனார், உங்களுக்குத்தான் என்று சொன்ன பிறகு மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். அந்த மனுஷனுக்கு அதற்கு முன் யாரும் சால்வை போர்த்தியதில்லை.

விழா முடிந்த பிறகு சின்னாத்தா அக்கா பதிவறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க பாய், மாலை போட்ட செடி எந்த நெம்பருங்க?"

"நாப்பத்தேழுங்க்கா."

"கதவோரம் ரெண்டாவது வரிசைங்களா?"

"ஆமாங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்கு நான் தண்ணி ஊத்திப்போட்டனுங்க."

எனக்குப் புரியவில்லை. எல்லாத் தொட்டிக்குமா என்று கேட்டேன்.

"இல்லீங்க, அதுக்கு மட்டுந்தானுங்க. அதுதானுங்க மொதல்ல வாடும். மத்ததெல்லாம் பன்னெண்டு நாளு, பதினஞ்சு நாளு நிக்கும். இது எட்டாம் நாளே தலையத் தொங்கப் போட்டுரும். சீக்காளிப் புள்ள மாதிரிங்க. அதப் பார்த்துட்டு எப்படீங்க கதவச் சாத்திட்டுப் போறது? நான் குடிக்கக் கொண்டார தண்ணில தொட்டிக்கு அரை டம்ளரு ஊத்துவேன். தப்புன்னு தெரியுமுங்க. வாரக் கூலியில புடிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். இதுக்கு மாலை போடுவாங்கன்னு நெனைக்கலீங்க."

"எத்தன போகமுங்க்கா?"

"மூணுமுங்க."

நான் விஞ்ஞானி இல்லை. இருபத்திரண்டு வருஷம் படிவம் எழுதினால் கொஞ்சம் விளங்கும். அரை டம்ளர் தண்ணீரில் செடி செழிக்காது, சாகவும் சாகாது. அரை உயிரில் நின்று தன்னிடம் இருக்கிற நொதியெல்லாம் சுரந்து தள்ளும். கருவி அதை அளந்து உச்சம் என்று சொல்லும், இலையும் பச்சையாக இருக்கும். ஆக அறுபதில் எது மிகவும் நோஞ்சானோ, அதற்கு அக்கா இரக்கப்பட்டார். அக்கா எதற்கு இரக்கப்பட்டாரோ, அதை எங்கள் மையம் எல்லாவற்றிலும் வலியது என்று தேர்ந்தெடுத்துவிட்டது. இப்போது அந்த விதை மூட்டை வெள்ளகோவில் பஸ்ஸில் அங்கப்பனின் மடியில் போய்க்கொண்டிருந்தது.

"இந்தச் சனிக்கெழம போயி அவருகிட்டச் சொல்லிப்போடறனுங்க பாய்" என்றார் அக்கா.

நான் தடுத்தேன். அதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. "அவசரப்படாதீங்க்கா. வாயில சொன்னா ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, உங்க வேலையும் போயிரும். எழுத்துல குடுப்போம். வெத கொடுத்த ஆபீஸே வெதைக்க வேண்டாம்னு லெட்டர் போடும். ஆடிக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்குது." பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்கா நம்பினார். எழுத்தர்களுக்கு வருகிற வியாதி இது. எது நடந்தாலும் ஒரு கடிதம் வந்துதான் அது நடந்ததாக ஆகும் என்று நினைப்போம்.

மனுவை நானே எழுதினேன். மூன்றாம் நாள் இயக்குநர் அக்காவையும் என்னையும் அழைத்தார்.

"இந்த வளாகத்தில் படிவம் ஒன்பது இல்லாமல் தண்ணீர் ஊற்ற முடியாது. சரியா?"

"சரிங்க அய்யா" என்றார் அக்கா.

"அந்த நாட்களில் படிவம் ஒன்பது எதுவும் வழங்கப்படவில்லை. ஹம்சா, சரியா?"

"சரிங்க சார்."

"ஆகவே தண்ணீர் ஊற்றப்படவில்லை. நீங்கள் எதையோ ஊற்றியிருக்கலாம், அது தண்ணீர் என்பதற்குப் பதிவு இல்லை." அவர் கோபப்படவே இல்லை. அன்பாகத்தான் சொன்னார். "அம்மா, ஒரு ஆராய்ச்சி வெற்றி பெறும்போது எல்லோருக்கும் அதில் தன் பங்கு இருப்பதாகத் தோன்றும். இயல்புதான். ஆனால் மனு வந்துவிட்டதால் குழு போட வேண்டும்."

குழுவுக்கு உண்மை கண்டறியும் குழு என்று பெயர். தலைவர் முனைவர் சீனிவாசலு, ஓய்வு பெற்ற நிபுணர். அவர் வரவே ஒரு மாதம் ஆனது. குழு உட்கார்ந்த அன்று முந்திரி பக்கோடா வந்தது, அக்காவை நிற்கவைத்து விசாரித்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

"ஊற்றும்போது உங்கள் உள்நோக்கம் என்ன?" என்றார் சீனிவாசலு.

"தாகமுங்க."

"உங்களுக்கா?"

"செடிக்குங்க."

"செடி அப்படி உங்களிடம் சொன்னதா?"

 பொய் சொல்ல அக்காவுக்கு வராது. "சொன்ன மாதிரிதானுங்க இருந்துச்சு."

'செடி தன்னிடம் பேசியதாகச் சாட்சி கூறுகிறார்' என்று எழுதச் சொன்னார்கள். அடுத்து தண்ணீரின் அளவு. அரை டம்ளர் என்பது அறிவியல் அலகு அல்ல என்பதால் டம்ளரை ஒப்படைக்கச் சொன்னார்கள். அக்கா காபி குடித்துக்கொண்டிருந்த எவர்சில்வர் டம்ளரை உறையிலிட்டு அரக்கு வைத்து அளவை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவர் அதற்கப்புறம் தேங்காய்ச் சிரட்டையில் குடித்தார். குழுவின் இடைக்காலப் பரிந்துரையும் வந்தது. சாட்சிக்கு மன நெருக்கடி இருப்பதாகத் தெரிவதால் மையத்தின் நெருக்கடி மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பலாம். மூன்று நாள் அக்கா ஒரு பாயில் உட்கார்ந்து கண்ணை மூடி, தன்னை ஒரு வாடாத செடியாக நினைத்துக்கொள்ளப் பழகினார். சான்றிதழும் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் அன்புச்செல்விக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மனு எழுதிய அன்றே நான்தான் சொன்னேன்.  அந்தப் பெண் எட்டுத் தொட்டியில் நாற்பத்தேழை விதைத்து, கூடாரக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பூ வந்ததும் தண்ணீரை நிறுத்தினாள். எட்டாம் நாள் எட்டும் தலை சாய்ந்தன. பத்தாம் நாள் எட்டும் செத்தன. ஆனி மாதம் பாதிதான் முடிந்திருந்தது. விதைக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

அவள் தொட்டிகளை ஒரு டிராலியில் வைத்து இயக்குநர் அறைக்கே தள்ளிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன்.

இயக்குநர் செத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவை விலகல் மதிப்புகள், கணக்கில் சேர்க்கக் கூடாது" என்றார்.

"எட்டும் செத்துருச்சுங்க சார்."

"எட்டு விலகல் மதிப்புகள். அன்பு, உனக்கு இது ஐந்தாவது வருஷம். அடுத்த மாதம் உன் வாய்மொழித் தேர்வு. முந்தைய மூன்று போகங்களில் இருபத்துநான்கு தொட்டிகள் உன் கையெழுத்தோடு உயிருடன் இருக்கின்றன. எட்டுத் தொட்டிகள்தான் இறந்திருக்கின்றன. பெரும்பான்மை என்ன சொல்கிறது?" பிறகு தணிந்த குரலில், "நெருக்கடியில் ஒரு உயிர் முதலில் எதைக் காப்பாற்றும் என்று உன் ஆய்வேட்டில் நீதானே எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார்.

வளரும் நுனியை என்று அவள் எழுதியிருந்தாள். மற்ற இலைகளைக் கைவிட்டுவிடும். அன்புச்செல்வி டிராலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்த் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். குழாயடியில் நின்று அவள் அழுததைப் பார்த்தேன். அவளைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை.

ஆனாலும் நான் விடவில்லை. அதாவது, கோப்பை விடவில்லை. அன்புச்செல்வியின் முடிவையும் சேர்த்து, விதைப்பை நிறுத்தி வைக்க விவசாயிகளுக்குக் கடிதம் அனுப்பலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். சனிக்கிழமைதோறும் அக்கா போகும்போது கேட்பார், "லெட்டரு வந்துருங்களா பாய்?" வந்துவிடும் என்று நானும் சனிக்கிழமைதோறும் சொன்னேன்.

ஆடி பிறந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை எந்தக் குழுவுக்கும் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை, வானம் இருட்டினால் ஊரே ஏர் பூட்டும். ஒரு சனிக்கிழமை அக்கா என்ன ஆனாலும் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனார். திங்கட்கிழமை காலையில் திரும்பி வந்து பதிவறை வாசலில் நின்றார்.

"வாய் வரலீங்க பாய். சாமி படத்துக்குப் பக்கத்துல வெத மூட்டையை வெச்சிருக்கறாரு. மேல அந்தச் சால்வையப் போத்தி வெச்சிருக்கறாரு. சுத்துப்பட்டுல ஆளுங்க வந்து பாத்துட்டுப் போறாங்களாமுங்க. நம்ம சின்னாத்தா கையால வளத்த வெதைன்னு எல்லார்கிட்டயும் சொல்றாருங்க. நான் கல்லாட்டம் உக்காந்துட்டு வந்துட்டேன். ஆபீஸு லெட்டரு வந்துட்டா அவருக்கும் கௌரவமாப் போயிருமுங்க. இல்லீங்களா?"

அன்றைக்கே நான் பஸ் ஏறியிருக்க வேண்டும். வெள்ளகோவில் என்ன வெளிநாடா, மூன்று மணி நேரம். வீட்டு வாசலில் நின்று, அங்கப்பண்ணா விதைக்காதீங்க என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. அலுவலக விஷயத்தை வெளியில் சொன்னால் நடத்தை விதி பதினான்கில் வரும் என்பதும் கூடவே தோன்றியது.

கோப்பு ஆடிப் பெருக்குக்கு முதல் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு வினா. 'டம்ளர் வாங்கிய ரசீது இணைக்கப்படவில்லை. ஏன்?'

மறுநாள் நல்ல மழை. அங்கப்பன் ஒன்றரை ஏக்கரிலும் நெருக்கடி வென்றானை விதைத்தார்.

முளைப்பு அருமையாக இருந்தது. யாருடைய விதையும் மழையில் முளைக்கும். ஆவணியில் பூ எடுத்தது, மழை நின்றது. மஞ்சள் பூவைப் பார்க்கத்தான் அக்கா அந்த வாரம் ஊருக்குப் போனார், போனவர் வேலைக்குத் திரும்பவில்லை. சொல்லாமல் வராததால் நோட்டீஸ் அடித்து அவர் ஊர் முகவரிக்கு அனுப்பினேன். அந்தக் கடிதம் மட்டும் இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தது.

புரட்டாசியில் இயக்குநர் வயல் ஆய்வுக்குக் கிளம்பினார். இயக்குநர், அன்புச்செல்வி, ஐஸ் பெட்டி தூக்க நான். முந்தின வாரமே அன்புச்செல்வி தனியாக வந்து இலை கிள்ளிப் போயிருந்ததால் முடிவுகள் கையில் இருந்தன. வெள்ளகோவில் தாண்டிப் பிரிகிற மண் பாதையில் வேன் நின்றது. பக்கத்துக் காட்டில் பழைய ரகக் கடலை வாடித்தான் நின்றது, ஆனாலும் நின்றது. அங்கப்பன் காட்டில் எல்லாம் படுத்துவிட்டது. கடலைச் செடி பூத்த பிறகு விழுது இறக்கும், விழுது மண்ணுக்குள் போனால்தான் காய். இங்கே விழுதுகள் மண்ணுக்கு ஒரு விரல்கடை மேலேயே காய்ந்து போயிருந்தன.

விவசாயிகள் ஏழெட்டுப் பேர் வேலியோரம் நின்றார்கள். இயக்குநர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"யாரும் மனம் தளர வேண்டாம். போன வாரம் எடுத்த இலையில் நொதி அளவு எங்கள் கருவி இதுவரை காணாத உச்சம். கடைசி மூச்சு வரை இந்தச் செடி அறிவியல்பூர்வமாகப் போராடியிருக்கிறது. குறை வானத்துடையது. வானம் எங்கள் துறை அல்ல."

"காயி ஒண்ணுமில்லீங்களே?" என்றார் ஒருவர்.

"விளைச்சலும் எங்கள் துறை அல்ல" என்றார் இயக்குநர்.

சின்னாத்தா அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். ஒரு மாதத்தில் பாதியாகிவிட்டிருந்தார். அவர் இறங்கி வந்து அங்கப்பனுக்கு எதிரில் நின்றார். நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே சொன்னார்.

"நானுங்க. இது நாந்தானுங்க பண்ணுனது. இந்த வெதை ஒண்ணுந் தாங்காதுங்க. தொட்டியில வெச்சிருந்தப்ப நான் திருட்டுத்தனமாத் தண்ணி ஊத்துனேன். அதனாலதான் பொழச்சுது. அவிங்க அதைப் பாத்துப்போட்டு நல்ல வெதைன்னு உங்க கையில குடுத்துட்டாங்க. எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சும் நீங்க வெதைக்கறதப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"அது நிரூபிக்கப்படவில்லை" என்றார் இயக்குநர். அவரை யாரும் கவனிக்கவில்லை.

அங்கப்பன் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். அது நோகாமல் வந்துவிட்டது. வேரிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"இதுக்கா ஊத்துன?"

"ஆமாங்க."

"வாடிக் கெடந்துச்சா?"

"எட்டாம் நாளே வாடிப்போச்சுங்க. மத்ததெல்லாம் நிக்கும், இது மட்டும் நிக்காதுங்க."

 கையிலிருந்த செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எங்களில் யாரையாவது அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கண்ணு முன்னால ஒண்ணு வாடறதப் பாத்துட்டு எப்படி வர்றது" என்றார் கடைசியில். "நானா இருந்தாலும் ஊத்தித்தான் இருப்பேன். அழுவாத."

இரண்டு மாதம் ஒரு குழு விசாரித்து நம்ப மறுத்ததை அவர் ஒரு நிமிஷத்தில் நம்பிவிட்டார். அன்புச்செல்வி ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அங்கப்பன் செடியைக் கீழே போடாமல் வரப்பில் வைத்தார். "பழைய பண்ணையத்துல ஆளு வேணும்னு சொல்லியுட்டாங்க. திங்கக்கெழமயிலிருந்து போறேன்" என்று பொதுவாகச் சொன்னார். மூன்று தலைமுறையில் அவர்தான் ஒரு வருஷம் அங்கே போகாமல் இருந்தவர்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கேள்வியில் கொஞ்சம்கூடக் குத்தல் இல்லை.

"ஏனுங்க பாய், ஆபீஸுல யாருக்குமே இது முன்னால தெரியாதுங்களா? நீங்க அங்கயே இருக்கறவங்க. உங்களுக்குமா தெரியல?"

 தெரியும் அண்ணா, வைகாசியிலேயே தெரியும், உங்களிடம் சொல்ல வந்தவரை நிறுத்தியதே நான்தான் என்று சொல்ல வேண்டும். இயக்குநர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற எனக்கு நாலு வருஷம் இருந்தது. என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அக்கா அதைப் பார்த்தார்.

"பாய்க்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார். "நான் யாருகிட்டயுமே சொல்லலீங்க."

பொய் சொல்லத் தெரியாது என்று நான் நினைத்திருந்த மனுஷி, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரல் நடுங்காமல் அதைச் சொன்னார். அங்கப்பன் சரி என்று தலையாட்டினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

"வெயில்ல நிக்கறாங்க பாரு, வந்தவிங்களுக்கு மோராச்சும் குடு" என்றார் அங்கப்பன்.

அக்கா போய்ச் சொம்பு நிறைய மோர் கொண்டு வந்தார். முதலில் இயக்குநருக்குக் கொடுத்தார், பிறகு அன்புச்செல்விக்கு, பிறகு எனக்கு. அன்புச்செல்வி வாங்கவில்லை. கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருந்தது, உப்பு அளவாக இருந்தது. நான் வாங்கி, நின்றபடியே முழுவதையும் குடித்தேன்.